புலானுக்காக ஒரு பரலோக மந்திரம்

அந்த ஊரில் வெள்ளிக்கிழமைதான் ஞாயிற்றுக்கிழமை. இதை யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லியிருக்கவில்லை. கப்பலிலிருந்து இறங்கி, மருத்துவமனையின் தாதியர் விடுதியில் என் தகரப்பெட்டியை வைத்த முதல் வாரத்திலேயே கடைகள் அடைபட்டு, தெரு வெறிச்சோடி, பள்ளிவாசல்களின் அழைப்பு ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுந்த ஒரு நண்பகலில், விடுதிச் சாப்பாட்டறையில் ஆட்டிறைச்சி புதைத்த சோறு பெரிய தாம்பாளங்களில் வந்து இறங்கியது. விடுமுறை நாளின் விருந்து. எனக்கோ அது வெள்ளிக்கிழமை. திண்டுக்கல்லில் எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை என்றால் சுத்தபோசனம். ஆண்டவர் சிலுவையில் உயிர்விட்ட கிழமையில் கறி அடுப்பேறாது. கத்தரிக்காயும் மோரும் போதும் என்று சொல்லி வளர்க்கப்பட்ட கை தானாகவே இறைச்சித் துண்டுகளைத் தட்டின் ஓரத்துக்கு ஒதுக்கியது. யாரும் பார்க்கவில்லையே என்று நிமிர்ந்தபோது, எதிர்வரிசையில் இன்னொரு தட்டின் ஓரத்திலும் இறைச்சி அதேபோல் ஒதுங்கிக் கிடப்பதைக் கண்டேன்.

அந்தத் தட்டுக்குரியவள் குழந்தைகள் வார்டில் பணிபுரிந்த உள்ளூர்த் தாதி. அவள் மருத்துவமனை ஆங்கிலத்தில், "வயிறு சரியில்லையா?" என்று கேட்டாள். "இல்லை, வெள்ளிக்கிழமை" என்றேன். பக்கத்தில் இருந்த இன்னொருத்தி, புதிதாக வந்தவளுக்கு விளங்கவில்லை என்று நினைத்து, "வெள்ளிக்கிழமை என்பதால்தானே இறைச்சி!" என்று அன்போடு எனக்கு எடுத்துச் சொன்னாள். எதிரில் இருந்தவள் மட்டும் சிரித்தாள். சிரித்துவிட்டு, மேசை விளிம்பின் மறைவில், தன் இடது உள்ளங்கையில் வலது கட்டைவிரலால் ஒரு சிறு சிலுவை கிழித்துக் காட்டினாள். பிறகு அந்தக் கையை மடக்கிக்கொண்டாள்.

அவளை இங்கே மார்த்தா என்று அழைக்கிறேன். அது அவள் பெயர் அல்ல. அந்த நாட்டின் பெயரையும் துறைமுக நகரின் பெயரையும் நான் எழுதப்போவதில்லை. ஊரும் பேரும் சொல்லாமல் கதை சொல்கிறவர்களை வாசகர்கள் நம்புவதில்லை என்பதை அறிவேன். ஆனாலும் ஒருமுறை ஊரும் பேரும் எழுதியவள் நான். அதனால் நேர்ந்ததைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

மார்த்தாவின் மக்கள் மிகப் பழைய கிறிஸ்தவர்கள். எங்கள் சமவெளிக்கு விசுவாசம் கப்பலேறி வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே அவர்கள் அங்கே செபித்துக்கொண்டிருந்தார்கள். அரபி பேசினார்கள், வீட்டுக்குள் அதைவிடப் பழைய ஒரு மொழி பேசினார்கள். சுற்றிலும் இஸ்லாமியர் வாழும் பெருநாட்டில் சில தெருக்களும், வடக்கே மலையோரத்தில் சில ஊர்களும் அவர்களுக்கு இருந்தன. அண்டை வீட்டாரோடு பகையில்லை. பெருநாள் பலகாரங்கள் இரு பக்கமும் போய்வரும். ஆனால் அரசு மாறும்போதெல்லாம் வீட்டுக் கதவின் தாழ்ப்பாளை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொள்ளும் பழக்கம் அவர்கள் எல்லோருக்கும் இருந்தது. திண்டுக்கல்லில் நாங்களும் சிறு கூட்டம்தான். ஆனால் மாதா சப்பரம் கடைவீதியில் வரும்போது செட்டியார் கடைகளிலிருந்து பூமாலை வரும். பேகம்பூர்ப் பக்கத்துப் பாய்மார் வண்டியை ஓரங்கட்டி வழிவிடுவார்கள். கோயில் மணியை எவ்வளவு ஓங்கி அடிக்க முடியுமோ அவ்வளவு ஓங்கி அடிப்போம். சிறு கூட்டமாக இருப்பது வேறு, சத்தமில்லாமல் இருக்கக் கற்றுக்கொள்வது வேறு என்பதை நான் மார்த்தாவின் கோயிலில்தான் அறிந்தேன்.

அந்தக் கோயில் ஒரு சந்தின் முடிவில், வெளியிலிருந்து பார்த்தால் கிடங்குபோல இருந்தது. வெள்ளிக்கிழமை காலைகளில் மார்த்தா என்னை அங்கே அழைத்துப் போவாள். அவள் தாய்க்கு நான் சின்னாளப்பட்டிச் சுங்குடிச் சேலை ஒன்றைப் பரிசளித்தேன். அரக்கு நிறத்தில் வெள்ளைப் புள்ளிகள். பதினாறு முழம் நீண்ட துணியை ஒரு பெண் உடம்பில் சுற்றிக்கொள்வாள் என்று அந்த அம்மாளுக்குத் தோன்றவே இல்லை. இந்தியாவிலிருந்து வந்த கோயில் துணி என்று எண்ணிக் குருவானவரிடம் கொடுத்துவிட்டார். மறுவாரம் பீடத்தின்மேல் சின்னாளப்பட்டி விரிந்து கிடந்தது. நான் உண்மையைச் சொல்லவில்லை. அங்கே முழந்தாளிடும்போது அந்தப் புள்ளிகளைப் பார்த்துக்கொண்டிருப்பது எனக்கு ஆறுதலாக இருந்தது.

என் அரபி அப்போது காய்ச்சலும் வயிற்றுவலியும் விசாரிக்கும் அளவுக்கு மட்டுமே வளர்ந்திருந்தது. பூசையில் ஒரு சொல் மட்டும் திரும்பத் திரும்பக் காதில் விழுந்தது: ஃபுலான். குருவானவர் மன்றாட்டுகளின்போது, "உம் ஊழியன் ஃபுலானுக்காக" என்பார். மக்கள் தலை குனிந்து பதில் சொல்வார்கள். அடுத்த வாரமும் ஃபுலான். சில வாரங்களில் நான்கு முறை, ஐந்து முறை. அந்தச் சபையில் ஃபுலான் என்ற பெயருடைய யாரோ ஒருவர் நெடுநாளாகப் படுக்கையில் கிடக்கிறார் என்று முடிவு செய்துகொண்டேன். தாதியின் மனம் நோயாளியைத் தேடிக்கொண்டே இருக்கும்.

மூன்றாம் ஆண்டில் வடக்கே மலைப்பக்கம் கலகம் மூண்டது. அந்தப் பக்கத்து ஊர்களில் பிறந்த ஆண்கள் யாராக இருந்தாலும் சந்தேகத்துக்கு உரியவர்கள் ஆனார்கள். மதம் மட்டுமே காரணம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் பிடித்துப்போனவர்களைப் பேசி மீட்டுவர ஆள்பலம் இல்லாத கூட்டத்தின் மீது சந்தேகம் எளிதில் ஒட்டிக்கொள்ளும். மார்த்தாவின் ஒரே தம்பி ஆரம்பப் பள்ளி ஆசிரியர். வகுப்பு நடந்துகொண்டிருந்தபோது கரும்பலகையின் முன்னிருந்து அரசின் ஆட்கள் அவரை அழைத்துப்போனார்கள். நகரத்துக்கு வெளியே ஒரு முகாமில் வைத்திருப்பதாகத் தெரிந்தது. திங்கட்கிழமைதோறும் அவர் தாய் ஒரு கூடையில் ரொட்டியும் துவைத்த சட்டையும் கொண்டுபோய் அந்த வாசலில் கொடுப்பார். உள்ளேயிருந்த காவலாளி ஒருவன், அண்டை வீட்டாருக்கு உறவு, இரக்கமுள்ள இஸ்லாமியன், அவர் உயிரோடு இருக்கிறார் என்று வாரம் ஒரு சொல் வீட்டுக்குக் கொண்டுவருவான். அந்த ஒரு சொல்லில்தான் அந்தக் குடும்பம் வாரத்தின் மற்ற நாட்களைத் தள்ளியது.

"உங்கள் ஊரில் செபிக்கச் சொல்" என்று மார்த்தா என்னிடம் கேட்டாள். "யாருக்காக என்று சொல்லட்டும்?" என்றேன். "ஃபுலானுக்காக என்று சொல். அது போதும்."

ஆகவே அவள் தம்பியின் பெயரும் ஃபுலான்தான் என்று நினைத்துக்கொண்டு அம்மாவுக்குக் கடிதம் எழுதினேன். இருபது நாளில் பதில் வந்தது. அம்மா பேசுகிறபடியே எழுதுவார். "அன்புள்ள மகள் லூர்துக்கு அம்மா எழுதிக்கொண்டது. கடுதாசி கிடைச்சது. அதென்னடி புலான்னு ஒரு பேரு, கறிக்கடைக்காரனுக்கு வச்ச மாதிரி? கோயில்ல சொன்னா சிரிக்க மாட்டாகளா? போகட்டும், பேரு யாரு வச்சதோ. சந்தியாகு உபதேசியார்கிட்டச் சொன்னேன். அவரு ஊரு என்ன, தகப்பன் பேரு என்னங்கிறாரு. ஊரும் தகப்பன் பேரும் இல்லாம செபத்துல வாசிக்க மாட்டாராம். எழுதி அனுப்பு. முட்டுவலி அப்படியேதான் இருக்கு."

சந்தியாகு உபதேசியார் எங்கள் கோயிலில் மாலைச் செபமாலையை முன்னின்று சொல்பவர். செபமாலையின் கடைசிப் பத்து மணிகளை உருட்டுவதற்கு முன்னால், மக்கள் கொடுத்த சீட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து, கண்ணாடியை ஏற்றிவிட்டு, ஊர், தகப்பன் பெயர், ஆளின் பெயர், வேண்டுதல் என்று வரிசை பிசகாமல் வாசிப்பார். ஒவ்வொரு பெயருக்கும் கோயில் முழுதும் ஆண்டவர் கற்பித்த பரலோக மந்திரம் ஒன்றும் மாதாவுக்குரிய பிரியதத்த மந்திரம் ஒன்றும் சொல்லும். அந்த வரிசையின் வலிமையை நான் உடம்பால் அறிந்தவள். ஒன்பது வயதில் எனக்குக் குடற்காய்ச்சல் வந்தது. மூன்றாம் வாரம் டாக்டர் கைவிரித்த மாலையில், அம்மா கோயிலிலிருந்து வந்து என் காதருகே குனிந்து, "இன்னைக்கு ஒம்பேரை வாசிச்சாகடி. மேட்டுப்பட்டி, சவரிமுத்து மகள், லூர்துன்னு. அம்புட்டுப் பேரும் சொன்னாக" என்றார். சேவுகம்பட்டியிலிருந்து சந்தைக்கு வந்தவர்கள், நிலக்கோட்டையில் பூக்கட்டும் பெண்கள், பஸ்ஸுக்கு நேரமாகியும் போகாமல் நின்றவர்கள் எல்லோரும் என் பெயரைத் தங்கள் வாயில் வைத்திருந்தார்கள் என்பது, காய்ச்சலின் ஆழத்தில் கிடந்த அந்தச் சிறுமிக்கு யாரோ கயிறு போட்டு இழுப்பதுபோல இருந்தது. நான் பிழைத்தேன். அன்றிலிருந்து, பெயர் சொல்லி வேண்டுவதே வேண்டுதல் என்று நம்பினேன்.

மார்த்தாவிடம் போய், "உன் தம்பி ஃபுலானின் தகப்பனார் பெயர், அதாவது உன் தகப்பனார் பெயர், என்ன?" என்று கேட்டேன். அவள் என்னை வெறித்துப் பார்த்தாள். பிறகு சிரிக்கத் தொடங்கினாள். தம்பியைக் கொண்டுபோன பின் பல வாரங்கள் கழித்து வந்த முதல் சிரிப்பு அது. மருந்துத் தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஃபுலான் என்பது யாருடைய பெயரும் இல்லை. பெயர் சொல்லக்கூடாத இடத்தில், சொல்ல அஞ்சும் இடத்தில், பெயருக்குப் பதிலாக நிற்கும் சொல் அது. தம்பியின் உண்மைப் பெயரையும் தகப்பனார் பெயரையும் ஊரையும் என் காதில் மட்டும் சொன்னாள். அந்தச் சபையில் நான்கு ஃபுலான், ஐந்து ஃபுலான் என்று நான் எண்ணியது நான்கு பிள்ளைகளை, ஐந்து கணவர்களை.

என் செபப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். அப்படி ஒரு சொல் அதிலும் இருந்தது. ஞானஸ்நானத்துக்கும் அடக்கச் சடங்குக்கும் உரிய செபங்களில், "உமது அடியானாகிய இன்னார்" என்று அச்சிட்டிருக்கும். சிறு வயது முதல் எத்தனை முறை அந்தச் சொல்லைக் கடந்திருப்பேன்! எங்களுக்கு அது பெயர் வந்து உட்காரும்வரை காலியாகக் கிடக்கும் நாற்காலி. அவர்களுக்கு அதுவே மனிதன் ஒளிந்துகொள்ளும் அறை. பழைய தமிழில் இன்னார் என்றால் பகைவர் என்றும் பொருள் உண்டு என்று பள்ளியில் படித்திருந்தேன். ஒரு சொல்லுக்குள் அத்தனை பேர் இருக்க இடமிருப்பதை அன்று வியந்தேன். வியந்ததோடு நிறுத்தியிருக்க வேண்டும்.

அம்மாவின் அடுத்த கடிதம் இன்னும் அழுத்தமாக வந்தது. "பேரு இல்லாத வேண்டுதல் விலாசம் இல்லாத கடுதாசிடி. எங்கிட்டுப் போயிச் சேரும்? அந்தப் பிள்ளை வாத்தியார்ங்கிறே. நாலு பிள்ளைக்கு அட்சரம் சொல்லிக்குடுத்த புண்ணியவானுக்கு ஒரு பேரு இல்லாமலா போச்சு?"

மார்த்தா வேண்டாம் என்றாள். "கடவுளுக்குத் தெரியும்" என்றாள். "கடிதங்களைப் பிரிக்கிறார்கள்" என்றாள். நான் தமிழை எண்ணிப் பார்த்தேன். அந்த நகரத்தில் தமிழ் வாசிக்கத் தெரிந்தவர்களை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். திண்டுக்கல்லில் பிறந்தவள் பூட்டை நம்புவாள். என் மொழியை நான் எங்கள் ஊர்ப் பூட்டைப்போல நம்பினேன். அவளிடம் சொல்லாமல் எழுத உட்கார்ந்தேன். மூன்று பக்கம் எழுதினேன். அம்மாவின் முழங்காலுக்குத் தைலம், இங்குள்ள வெயில், எண்ணெய் தேய்க்க முடியாத தலை, பிறகு மார்த்தாவின் தம்பி. "அவர் உயிரோடு இருப்பதைக் காவலாளி ஒருவன் வீட்டுக்கு வந்து சொல்லிவிட்டுப் போகிறான்" என்றும் எழுதினேன். பெயருக்கு வந்ததும் பேனா நின்றது. அந்தப் பெயரைத் தமிழில் எழுதினால் அதன் மூன்று ஒலிகளில் இரண்டு செத்துப்போகும். ஃபுலான் புலான் ஆகிச் சிரிப்பானதை மறக்கவில்லை. உண்மைப் பெயரும் அப்படிக் குலையக்கூடாது. எங்கள் பங்குச் சாமியார் பிரெஞ்சுக்காரர், அவராவது சரியாக வாசிக்கட்டும். அப்படி எண்ணிப் பெயரையும், தகப்பன் பெயரையும், ஊரையும் ஆங்கிலப் பெரிய எழுத்துகளில், ஒவ்வொன்றாக, அச்சுப்போல எழுதினேன். சரியாக எழுதவேண்டும் என்கிற படித்தவளின் செருக்கு. பூட்டைப் பூட்டினேன், சாவியைப் பூட்டிலேயே விட்டுவிட்டேன்.

பதினோராம் நாள் மேட்ரன் என்னைத் தன் அறைக்கு அழைத்தார். இரண்டு அதிகாரிகள் உட்கார்ந்திருந்தார்கள். மேசைமேல் என் கடிதம். மூன்று பக்கம் தமிழ் எழுத்துகள் சுருண்டு சுருண்டு கிடக்க, நடுவில் அந்த மூன்று சொற்கள் மட்டும் வெளிச்சத்தில் நிற்பதுபோல நின்றன. அவற்றின் கீழ் சிவப்புப் பென்சில் கோடு. இது என்ன சங்கேதம் என்று கேட்டார்கள். தமிழ் என்றேன். அப்படி ஒரு எழுத்தை அவர்கள் கேள்விப்பட்டிருக்கவில்லை. செபக் கடிதம் என்றேன். ஓர் அதிகாரி, உண்மையாகவே புரியாமல், "செபிப்பதற்கு எதற்குத் தகப்பன் பெயர்?" என்று கேட்டார்.

தமிழ் வாசிக்கத் தெரிந்த ஒருவரைத் துறைமுகத்திலிருந்து கூட்டிவந்தார்கள். காதர் மைதீன் ராவுத்தர். வத்தலக்குண்டுக்காரர், கப்பல் சரக்குக் கிடங்கில் கணக்கப்பிள்ளை. பம்பாயிலிருந்து நான் வந்த அதே கப்பலில் வந்தவர். கடலில் எனக்குத் தலைசுற்றியபோது எலுமிச்சை ஊறுகாய் கொடுத்தவர். அதன்பின் பெருநாளுக்குப் பெருநாள் பார்ப்போம். ஊரில் ஆறு பேர் அவரை நம்பி இருந்தார்கள். அவர் என்னைப் பார்க்காமல் கடிதத்தை எடுத்தார். மூன்று பக்கத்தையும் முதலில் மனதுக்குள் வாசித்தார். காவலாளியைப் பற்றிய வரி இரண்டாம் பக்கத்தின் அடியில் இருந்தது. அவர் கண் அங்கே வந்ததும், அசையாமல் நின்றதும், கடந்து போனதும் எனக்குத் தெரிந்தது. பிறகு அரபியில், ஏற்ற இறக்கம் இல்லாமல், ஒவ்வொரு வரியாகச் சொல்லிக்கொண்டு போனார். முகத்தில் ஒன்றும் இல்லை. அதிகாரிகள் ஓரிடத்தில் சலிப்போடு கையசைத்து நிறுத்தச் சொன்னார்கள். என்னை எச்சரித்து விட்டுவிட்டார்கள். கடிதத்தை எடுத்துக்கொண்டார்கள்.

மருத்துவமனை வாசலில் நின்ற ஈச்சமர நிழலில் ராவுத்தர் தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்தார்.

"என்ன தங்கச்சி, இப்படிப் பண்ணிப்புட்டீக? அம்புட்டையும் தமிழ்ல எழுதிப்புட்டுப் பேரை மட்டும் இங்கிலீசுல எழுதுவாகளா? படிச்சவுகதானே நீங்க?"

"அந்த வரி அண்ணே..."

"எந்த வரி? நான் பாக்கலையே. முழுங்கிப்புட்டேன், வகுத்துக்குள்ள கெடக்கு. அதுக்குப் பதிலா ஒங்கம்மாவுக்கு முட்டுவலி அதிகம்னு ரெண்டு தடவ சொல்லி வச்சேன். முட்டுவலி இருக்குல்ல அவுகளுக்கு?"

"இருக்கு அண்ணே."

"அப்பப் பொய்யில்ல" என்றார். சிரிக்க முயன்றார், முடியவில்லை. "ஆனா பேரு போச்சு தங்கச்சி. பேரை என்னால முழுங்க முடியல. அது அவுகளே வாசிச்சுப்புட்டாக."

அன்று மாலையே மார்த்தாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். குழந்தைகள் வார்டில் ஈரத்துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். கடைசித் துணிவரை மடித்து முடித்தாள். பிறகு, "எழுத்துப் பிழை இல்லாமல் எழுதினாயா?" என்று கேட்டாள். "பிழை இல்லாமல்தான்" என்றேன். "அவன் வாத்தியார். கேட்டால் மகிழ்ச்சியடைவான்" என்றாள். துணிகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அது மன்னிப்பா, மன்னிக்க முடியாததைச் சொல்லும் அவர்களுடைய முறையா என்பது எனக்கு விளங்கியதே இல்லை. இரண்டு பேரும் பேசிய ஆங்கிலம் எங்கள் இருவருக்கும் சொந்தமில்லாதது. அதில் சில வாசல்கள் எங்களுக்குத் திறக்கவே இல்லை.

அடுத்த வாரம் காவலாளி வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. அவனை மாற்றிவிட்டார்களா, அஞ்சி ஒதுங்கினானா, தெரியாது. மூன்றாம் திங்கட்கிழமை மார்த்தாவின் தாய் கொண்டுபோன கூடையை வாசலிலேயே திருப்பிக் கொடுத்தார்கள். "இந்தப் பெயரில் இங்கே யாரும் இல்லை" என்றார்களாம். அவ்வளவுதான். அன்று முகாமிலிருந்து பலரை வேறிடத்துக்கு மாற்றியதாகச் சொன்னார்கள். வேறு குடும்பங்களின் கூடைகளும் திரும்பி வந்தன. அந்தக் குடும்பங்களின் பெயர்களை யாரும் எந்தக் கடிதத்திலும் எழுதவில்லை. ஆகவே என் கடிதம் காரணமாக இல்லாமலும் இருக்கலாம். இந்த 'இருக்கலாம்' என்கிற சொல்லை வைத்துக்கொண்டு நான் எத்தனை ஆண்டுகள் வாழ்ந்திருக்கிறேன் என்பதை வேறெவராலும் அளந்து சொல்ல முடியாது. ராவுத்தரும் அதையேதான் சொன்னார்: "இருக்கலாம், இல்லாமலும் போகலாம். ஆண்டவன் ஒருத்தனுக்குத்தான் வெளிச்சம். நானும் தொழுகையில துஆ கேக்குறேன் தங்கச்சி. பேரு சொல்லல, பயந்துக்கிறாதீக." மார்த்தாவின் தாய் அதன்பிறகும் பல திங்கட்கிழமைகள் கூடையைக் கட்டினார். பிறகு அந்தக் குடும்பம் தலைநகரத்து உறவினரிடம் போய்விட்டது. விடைபெறும்போது மார்த்தா என்னை இரு கன்னங்களிலும் முத்தமிட்டாள். விலாசம் தரவில்லை. நான் கேட்கவும் இல்லை.

இரண்டு ஆண்டுகள் கழித்து எனக்கு ஊருக்குப் போக விடுப்பு கிடைத்தது. மேட்டுப்பட்டியில் இறங்கிய அன்றே, பூக்கூடையோடு நின்ற நிலக்கோட்டைப் பெண் ஒருத்தி வழிமறித்து, "அக்கா, ஒங்க ஊரு புலான் எப்படி இருக்காரு? வந்துட்டாரா?" என்று கேட்டாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. 'ஒங்க ஊரு' என்று அவள் சொன்னது எந்த ஊரை என்று விளங்கவே சில கணங்கள் ஆயின. வீட்டுக்கு வந்ததும் அம்மா சொன்னார்: "நான் கேட்ட பேரு எழுதுன கடுதாசி வரவே இல்லைடி, அப்புறம் நீயும் அந்தப் பேச்சே எடுக்கல. தபால்காரனை அம்புட்டு ஏசிப்புட்டேன், பாவம். எத்தனை நாளைக்குத்தான் பாத்துக்கிட்டு இருக்கிறது? உபதேசியார்கிட்டப் போயி, 'ஊரு அரபு நாடு, பேரு புலான், தகப்பன் பேரு சேசுவுக்குத் தெரியும், வாசிக்க முடியுமா முடியாதாய்யா'ன்னு கேட்டுப்புட்டேன். அன்னையிலிருந்து வாசிக்கிறாரு."

ஆகவே, பெயர் தேவைப்பட்ட கோயிலுக்கு அந்தப் பெயர் போய்ச்சேரவில்லை. போகக்கூடாத இடத்துக்கு மட்டுமே போய்ச்சேர்ந்தது. இங்கோ, பெயரே இல்லாமல், மார்த்தா முதல்நாள் கேட்டபடியே, ஈராண்டுகளாக மாலைதோறும் அவருக்காக வேண்டியிருக்கிறார்கள். நான் அந்தக் கடிதத்தை எழுதாமல் இருந்திருந்தாலும் அம்மா இதைத்தான் செய்திருப்பார். அன்று மாலை அம்மாவோடு கோயிலுக்குப் போனேன். உபதேசியார் சீட்டுகளை வாசித்து முடித்து, கண்ணாடியை ஏற்றிவிட்டு, பெண்கள் பக்கம் பார்த்தார். "நம்ம லூர்து அரபு நாட்டிலிருந்து வந்திருக்கு. அந்த வாத்தியாருக்குச் சரியான பேரு இருக்குன்னு அவுக அம்மா சொன்னாக. இன்னைக்கு அதுவே சொல்லட்டும்" என்றார். எழுந்து நின்றேன். நூறு முகங்கள் திரும்பின. எல்லாம் எனக்குத் தெரிந்த முகங்கள். என் பெயரைச் சொல்லி என்னை மீட்டவர்கள். வாய் திறந்தேன். பெயர் நாக்கின் நுனியில் முழுதாக, பிழையில்லாமல் இருந்தது. வாசல் பக்கம் யார் நிற்கிறார்கள் என்று என் கண் தேடியது. சொல்ல முடியவில்லை. முன்வரிசையில் ஒரு மூதாட்டி பக்கத்தவளிடம், "பாவம்டி, அங்கிட்டே கெடந்து தமிழே மறந்துபோச்சு" என்று உருக்கமாகச் சொன்னாள். அம்மா என் முந்தானையைப் பிடித்து உட்காரவைத்து, உரத்த குரலில், "புலானுக்காக" என்று தொடங்கினார். கோயில் முழுதும் தொடர்ந்தது.

அந்த விடுப்பு முழுவதும் அம்மாவிடம் நடந்ததைச் சொல்லவில்லை. பேரில்லாத வேண்டுதல் சேராது என்று எழுதிய அந்த மனசுக்கு, பேர் எழுதியதால் என்ன ஆகியிருக்கலாம் என்று சொல்லும் துணிவு எனக்கு இல்லை. ஆனால் தாய்க்கு ஏதோ தெரிந்திருந்தது. நான் புறப்பட்ட காலையில், திண்டுக்கல் ரயில் நிலையத்தில், சன்னல் கம்பிகளுக்கு வெளியே நின்றுகொண்டு, முட்டுவலியோடு எம்பி, "கோயில்ல சொல்லாட்டிப் போகுது. அம்மா காதுலயாச்சும் சொல்லிட்டுப் போடி. புலான் புலான்னு கூப்பிட்டா அந்தப் பிள்ளை திரும்பிப் பாப்பானா?" என்றார்.

கம்பிகளுக்கிடையே முகத்தை அழுத்தி, அவர் காதில் அந்தப் பெயரைச் சொன்னேன். ஈராண்டுகளில் முதல்முறை. "என்னது?" என்றார். மறுபடி சொன்னேன். "சரியாச் சொல்லு." மூன்றாம் முறையும் சொன்னேன். வண்டி அசைந்தது. அம்மா கூடவே நடந்தபடி, மறந்துவிடக்கூடாதே என்று அந்தப் பெயரை உரக்கச் சொல்லத் தொடங்கினார். எந்த எழுத்தும் சரியில்லாமல், அதை ஒரு திண்டுக்கல் பெயராகவே ஆக்கி, கூடைக்காரிகளும் போர்ட்டர்களும் திரும்பிப் பார்க்க, ஒவ்வொரு அடிக்கும் ஒருமுறை. "சரிதானடி? சரிதானடி?" என்று கேட்டார். நான் தலையசைக்கவில்லை. அந்த நடைமேடையில் என்னைப் பெற்றவளும் எனக்குப் பழகிய முகங்களும் அன்றி வேறு யாரும் இல்லை. ஆனாலும் என் வலது கை கம்பிகளைத் தாண்டி வெளியே நீண்டிருந்தது. சனங்களெல்லாம் நான் விடைசொல்லிக் கையசைக்கிறேன் என்று நினைத்து, பதிலுக்குக் கையசைத்தார்கள். என் கை அம்மாவின் வாயைப் பொத்தப் போய்க்கொண்டிருந்தது.